நுஷாத்தெலில் கொடுத்த கடிதவுறை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பொல்லாத மாமியார் இல்லை. அந்த ஒரு வாரமும் இதை எனக்குள்ளே எத்தனை தரம் சொல்லிக்கொண்டேன் என்று எனக்கே தெரியாது. நல்லவள் யாரும் அப்படித் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு திரிவதில்லை என்பது பிறகுதான் உறைத்தது.

2016 நவம்பர் கடைசி. சுவிஸில் நாங்கள் இருக்கும் லா ஷோ-து-ஃபோனில் அந்த வருடம் பனி வேளைக்கே கொட்டத் தொடங்கிவிட்டது. என் மகன் பானுஜனுக்கு வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு நகரசபையில் எழுத்து. எழுத்து என்றால் எங்கள் பக்கத்தில் கலியாணப் பதிவு. தாலி கட்டுவது தை மாதம், திரிம்பாக் கோயிலில். பெண்ணின் பெயர் ஜோனலின், பிலிப்பீன்ஸ்காரி. ஜெனீவாவில் ஒரு ராஜதந்திரியின் வீட்டில் பிள்ளை பார்க்கும் வேலை. அந்த வீட்டுக்காரர் பதவி முடிந்து நாடு திரும்ப இருந்தார்கள். அவளுடைய இருப்பு அட்டை அந்த வேலையோடு ஒட்டியது. எழுத்து நடந்தால் இங்கே இருக்கலாம். நடக்காவிட்டால் மறுநாள் சனிக்கிழமை, அவர்கள் எடுத்துக் கொடுத்த டிக்கெட்டில் மணிலாவுக்குப் போய்விடுவாள். பானுஜன் நான்கு வருடமாகக் காதலித்த பெண் அவள்.

அவளை எனக்குப் பிடிக்கும். இதையும் சொல்லிவிட வேண்டும். முதல் தடவை வீட்டுக்கு வந்தபோது வாசலிலேயே என் கையைப் பிடித்துத் தன் நெற்றியில் வைத்தாள். பெரியவர்களிடம் ஆசி வாங்குவதற்கு அவர்கள் ஊரில் அப்படித்தான் செய்வார்களாம். எனக்கு உடனே மனம் இளகிவிட்டது. பிறகு என் கணவர் உருத்திரமூர்த்தி வைன் ஊற்றிக் கொடுத்தார். அவள் இரண்டு கையாலும் வாங்கி, அவருக்கு முகம் காட்டாமல் பக்கவாட்டாகத் திரும்பிக் குடித்தாள். இதுவும் உங்கள் வழக்கமா என்று கேட்டேன். என் மகள் அக்‌ஷயா விழுந்து விழுந்து சிரித்தாள். அது கொரியா வழக்கமாம். தொலைக்காட்சியில் பார்த்துப் பார்த்துப் படிந்துவிட்டதாம். அக்‌ஷயாவும் கொரியத் தொடர் பார்த்துக் கண்ணைக் கெடுத்துக்கொண்டவள்தான். இரண்டு பேரும் அன்றைக்கே ஒட்டிக்கொண்டார்கள்.

ஜோனலின் அந்தக் கதைகளைச் சொன்னால் கேட்டுக்கொண்டே இருக்கலாம். இலோயிலோ பக்கத்தில் ஒரு மீன்பிடிக் கிராமம். தெருவில் ஒரே ஒரு வீட்டில்தான் பெரிய தொலைக்காட்சி. மாலையில் கொரியத் தொடர் தொடங்கினால் தெருவே அந்த வீட்டு முற்றத்தில் இருக்குமாம். கோயில் வெறுமையாகக் கிடப்பதைப் பார்த்துப் பாதிரியார் செபத்தை அரை மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளினாராம். கதாநாயகியின் தலைமுடி வெட்டு என்று சொல்லி மூலைக்கடைச் சலூன்காரி ஒரு வருடம் பிழைத்தாளாம். அக்காவின் மகனுக்குக் கொரியக் கதாநாயகனின் பெயர். அவர்கள் வீட்டில் பேசுவது வேறு மொழி. தொடரைத் தகாலோக்கில் மாற்றிப் போடுவார்கள். ஆகவே தலைநகரத்து மொழியை அவள் ஒழுங்காகப் படித்ததே கொரியாக்காரரின் வாயிலிருந்துதான். பாத்திரங்களுக்கும் உள்ளூர்ப் பெயர் வைத்துவிடுவார்களாம். ஒன்பது வயது வரைக்கும் அவர்களை மணிலாப் பணக்காரர் என்றே நினைத்திருந்தாளாம். பெரிய மனிதர் எப்படி நடப்பார்கள், எப்படிக் கோபிப்பார்கள், ஏழைப் பெண்ணை எப்படி நடத்துவார்கள் என்பதெல்லாம் அவளுக்கு அங்கேதான் பாடம்.

நாங்கள் சென்னைத் தொடருக்கு மூக்கைச் சிந்துகிறோம், அவர்கள் கொரியாவுக்குச் சிந்துகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அதோடு விட்டுவிட்டேன். விட்டிருக்கக் கூடாது.

என்னுடைய கவலை வேறு. சூரிச்சில் என் மச்சாள் இருக்கிறாள், கஜலக்சுமி, இவருடைய அக்கா. போன வருடம் அவளுடைய மருமகள் எழுத்துக்கே கை நிறையக் காப்பும் கழுத்து நிறையச் சங்கிலியுமாக வந்து நின்றாள். மச்சாள் விருந்தாளிகளிடம் ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டுக் காட்டினாள். சீதனம் கேட்பது பாவம் என்று இப்போது எல்லோரும் மேடையில் பேசுவார்கள். மேடையை விட்டு இறங்கியதும் கண் நேரே கழுத்துக்குத்தான் போகும். ஜோனலினின் கழுத்தில் ஒரு நூல்கூட இல்லை. சம்பளம் முழுவதும் ஊருக்குப் போகிறது. தாய்க்கு நீரிழிவு, தம்பிக்குப் படிப்பு. அவள் வெறுங்கழுத்தோடு வந்து நின்றால் மச்சாள் என்ன சொல்வாள், காரில் திரும்பிப் போகும்போது மற்றவர்கள் என்ன சொல்வார்கள் என்று எனக்கு மனப்பாடமாகத் தெரியும். நான் கடிகாரத் தொழிற்சாலையில் முகப்புத் தட்டுகளில் கீறல் இருக்கிறதா என்று உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்க்கிறவள். கீறல் யார் கண்ணில் எப்படிப் படும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அதனால் ஒரு வேலை செய்தேன். என் சேமிப்பில் மூவாயிரம் பிராங்கை எடுத்து ஒரு வெள்ளைக் கடிதவுறையில் வைத்தேன். அவள் போய் ஒரு சங்கிலியும் இரண்டு காப்பும் வாங்கிப் போட்டுக்கொண்டு வரட்டும், தாய் கொடுத்தது என்று சொல்லட்டும். வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. பானுஜனுக்குத் தெரிந்தால் சீதனம் என்ற சொல்லுக்கே குதிப்பான். எங்கள் ஆட்களில் இப்படிச் செய்த மாமியார்மார் எனக்கு முன்னமும் இருக்கிறார்கள். மருமகளின் மானமும் நிற்கும், எங்கள் மானமும் நிற்கும். எனக்கு அது கெட்டித்தனமாகத்தான் தெரிந்தது.

எழுத்துக்கு முந்திய சனிக்கிழமை, அவளுக்கும் எனக்கும் நடுவழி என்று நுஷாத்தெல் ரயில் நிலையத்து உணவகத்துக்கு அவளைத் தனியாக வரச் சொன்னேன். நான் ஒரு கோப்பி, அவள் ஒரு சொக்கலேட் பால். என்னுடைய பிரெஞ்சு தொழிற்சாலைப் பிரெஞ்சு, அவளுடையது சமையலறைப் பிரெஞ்சு. வரும் வழியெல்லாம் ரயிலில் சொல்லுச் சொல்லாக யோசித்து வைத்திருந்தேன். அவளுடைய முகத்தைப் பார்த்ததும் வெட்கம் பிடித்துக்கொண்டது. நகை இல்லை என்பதை ஒரு பெண்ணுக்கு நேருக்கு நேர் எப்படிச் சொல்வது? கடிதவுறையை மேசையில் வைத்து அவள் பக்கம் தள்ளினேன்.

"இது உனக்கு. எடு. பானுவுக்குச் சொல்லாதே. வெள்ளிக்கிழமைக்கு முன்னம் செய்."

இவ்வளவுதான் எனக்கு வந்தது. மிச்சம் விளங்கட்டும் என்று என் கழுத்துச் சங்கிலியைத் தொட்டுக் காட்டினேன்.

அவள் கடிதவுறையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். முகம் வெளிறிவிட்டது. பானுவுக்குத் தெரியாதா என்று கேட்டாள். தெரியாது என்றேன். எனக்குத் தாகம் எடுத்தது. தண்ணீர்க் கிளாசைத் தூக்கினேன். அவள் சட்டென்று கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. நான் குடித்துவிட்டுக் கிளாசை வைத்தேன். அவள் எழுந்து, கடிதவுறையை இரண்டு கையாலும் எடுத்து, இடுப்பு வரை குனிந்து வணங்கிவிட்டு, சொக்கலேட் பாலைத் தொடாமலே போய்விட்டாள். பிள்ளைக்குச் சந்தோசத்தில் பேச்சு வரவில்லை என்று நினைத்தேன். அந்தச் சொக்கலேட் பாலையும் நானே குடித்துவிட்டு, என்னைப் பற்றி நல்ல திருப்தியோடு வீட்டுக்கு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அவள் தொலைபேசியை எடுக்கவில்லை. திங்கட்கிழமை பானுஜன் வேலை முடித்த கையோடு ஜெனீவாவுக்குக் காரை விட்டான். வாசல் கதவு திறக்கவில்லை. அவள் வேலையாக இருக்கிறாள் என்று உள்ளேயிருந்து பதில் வந்ததாம். அவன் காரில் இருக்கும்போதே ஒரு செய்தி வந்தது. வீட்டுக்கு வந்து எங்கள் முன்னால் அதை வாசித்துக் காட்டினான். மன்னித்துக்கொள், என்னைத் தேடாதே, உன் குடும்பத்துக்கு ஏற்ற பெண்ணைக் கட்டு. அவ்வளவுதான்.

எனக்கு முதலில் வந்த எண்ணத்தைச் சொல்லவே கூசுகிறது. காசோடு ஓடிவிட்டாள் என்றுதான் நினைத்தேன். நான்கு வருடம் என் வீட்டில் சோறு தின்ற பிள்ளையைப் பற்றி ஒரு நொடியில் அப்படி நினைத்தேன்.

பானுஜன் என் முன்னால் வந்து நின்றான். அவனுக்குக் கோபம் வந்தால் சத்தம் போட மாட்டான், குரல் இறங்கிவிடும்.

"அம்மா, நீங்கள் அவளோட ஏதும் கதைச்சனீங்களோ?"

"இல்லை," என்றேன்.

"சரி. அவள் சனிக்கிழமை போனால் நானும் போறன். திரும்பி வருவன் எண்டு காத்திருக்காதேங்கோ."

அவன் சும்மா சொல்கிற பிள்ளை இல்லை. பதினெட்டு வயதில் இனிமேல் இறைச்சி தின்ன மாட்டேன் என்றான், இன்றுவரை தின்னவில்லை. அன்று இரவு உருத்திரமூர்த்தி மண்டபத்துக்காரனுக்குச் சொல்வோமா, சூரிச் ஆட்களுக்குச் சொல்வோமா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை வேலைத்தலத்தில் நான்கு நல்ல தட்டுகளைப் பழுது என்று ஒதுக்கிவிட்டேன். மேற்பார்வையாளன் வந்து பார்த்துவிட்டு என்னை வீட்டுக்கு அனுப்பினான். அக்‌ஷயா அன்று விரிவுரை இல்லாமல் வீட்டில் இருந்தாள். அவளுக்கு என் முகம் போதும். என்ன செய்தீர்கள் என்று நேரடியாகவே கேட்டாள். சொல்லிவிட்டேன். காசு கொடுத்தது, நகைக்காகக் கொடுத்தது, எல்லாம். அவள் காசைப் பற்றிக் கேட்கவில்லை.

"எப்பிடிக் குடுத்தனீங்கள்? வடிவாச் சொல்லுங்கோ. எங்க இருந்தனீங்கள், என்ன சொன்னனீங்கள்?"

உணவகம் என்றேன். நாங்கள் இரண்டு பேர்தான் என்றேன். மேசையில் கடிதவுறையைத் தள்ளியது, பானுவுக்குச் சொல்லாதே என்றது, வெள்ளிக்கிழமைக்கு முன்னம் என்றது, சங்கிலியைத் தொட்டது என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். தண்ணீர் குடித்தீர்களா என்று கேட்டாள். ஓம், அப்போது அவள் கண்ணை மூடினாள் என்றேன். அக்‌ஷயா கணினியை எடுத்து என் மடியில் வைத்தாள்.

நான்கு வேறு வேறு தொடர்கள். நான்கிலும் ஒரு பணக்காரத் தாய், எதிரே வேலைக்குப் போய்க் குடும்பம் பார்க்கும் ஒரு ஏழைப் பெண், நடுவில் ஒரு மேசை, மேசையில் வெள்ளைக் கடிதவுறை. எனக்கு மொழி விளங்கவில்லை, விளங்கத் தேவையும் இருக்கவில்லை. என் மகனை விட்டுவிட்டுப் போய்விடு, அவனுக்குச் சொல்லாதே, இந்தா காசு. மூன்றாவது தொடரில் அந்தத் தாய் கிளாசைத் தூக்கித் தண்ணீரைப் பெண்ணின் முகத்தில் வீசினாள்.

"அவள் சின்ன வயதிலயிருந்து இதைப் பாக்கிறாள், அம்மா. அங்க எல்லாருக்கும் இது தெரியும். கடிதவுறை வந்தால் அதுக்கு ஒரு அர்த்தம்தான்."

ஏன் பானுவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று கேட்டேன். கதாநாயகி ஒருநாளும் சொல்ல மாட்டாளாம். தாயையும் மகனையும் பிரித்தவள் என்ற பெயர் வேண்டாம் என்று தானே விலகிப் போவாளாம். அதுதான் அவளுடைய மானமாம்.

எனக்கு வந்தது அழுகையில்லை, ஆறுதல். அப்படியானால் அவள் காசோடு ஓடவில்லை, நானும் அவளைத் துரத்தவில்லை. எல்லாம் ஒரு பெட்டிக்குள் ஓடும் படத்தால் வந்த வினை. நேரே போய் விளக்கிச் சொன்னால் கட்டிப்பிடித்துச் சிரித்து முடிந்துவிடும் என்று நினைத்தேன். புதன்கிழமை காய்ச்சல் என்று வேலைக்குச் சொல்லிவிட்டு, பேச்சுக்குத் துணையாக அக்‌ஷயாவையும் கூட்டிக்கொண்டு ஜெனீவாவுக்கு ரயில் ஏறினேன்.

அக்‌ஷயா யார் யாரையோ கேட்டு இடத்தைப் பிடித்திருந்தாள். நிலையத்துக்குப் பின்னால் ஒரு நிலவறைக் கடை. பிலிப்பீன்ஸ் பெண்கள் ஊருக்கு அனுப்பும் பெரிய அட்டைப்பெட்டிகளை அங்கே கொண்டுவந்துதான் கட்டுவார்கள். சவர்க்காரம், சொக்கலேட், சப்பாத்து, பழைய உடுப்பு என்று பெட்டி பெட்டியாகக் கிடந்தது. சுவரில் தொலைக்காட்சி. கொரிய முகங்கள் தகாலோக் பேசிக்கொண்டிருந்தன. ஏழெட்டுப் பெண்கள் பெட்டிக்கு நாடா ஒட்டிக்கொண்டே அதைப் பார்த்தார்கள். மூலையில் முழங்காலில் இருந்து தன் பெட்டியை அமுக்கிக்கொண்டிருந்தவள் ஜோனலின்.

நாங்கள் படியிறங்கியதும் பேச்சு நின்றது. யாரோ தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார்கள். நான் யார் என்று அங்கே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அந்தக் கண்களை நான் மறக்க மாட்டேன். எத்தனையோ வருடமாகத் திரையில் பார்த்துப் பல்லைக் கடித்த ஒருத்தி சீலையும் குளிர்க் கோட்டுமாக நேரில் படியிறங்கி வந்துவிட்டாள். எர்லிண்டா என்ற மூத்த பெண், கடைக்காரி, ஜோனலினுக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள். மேசையில் இருந்த தண்ணீர்ப் போத்தலை வேறொருத்தி எடுத்து அப்பால் வைத்தாள்.

ஜோனலின் எழுந்து வந்தாள். இவ்வளவு காலம் மாமி என்று கூப்பிட்டவள் மதாம் என்றாள். இதை வெள்ளிக்கிழமை உங்களுக்குத் தபாலில் அனுப்ப இருந்தேன் என்று சொல்லி, கடிதவுறையை என்னிடம் நீட்டினாள். ஒட்டியது ஒட்டியபடி இருந்தது. காசோடு ஓடிவிட்டாள் என்று நினைத்த என்னை யாரும் அந்த இடத்தில் அறைந்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன்.

அக்‌ஷயாவிடம் சொன்னேன், ஒன்று விடாமல் சொல்லு என்று. இது உன்னைப் போகச் சொல்லிக் கொடுத்த காசு இல்லை. எங்கள் ஆட்களில் பெண் வீட்டார் நகை போட்டு அனுப்புவார்கள். உனக்குப் போட ஆள் இல்லை. சொந்தக்காரர் உன்னைக் குறைவாகப் பார்க்கக் கூடாது என்று நான் கொடுத்தேன். நீ வாங்கிப் போட்டுக்கொண்டு, தாய் தந்தது என்று சொல்லியிருந்தால் போதும். அக்‌ஷயா ஆங்கிலத்தில் சொன்னாள். எர்லிண்டா மற்றப் பெண்களுக்குத் தங்கள் மொழியில் சொன்னாள். நான் சிரிப்பை எதிர்பார்த்து நின்றேன். ஒருத்தியும் சிரிக்கவில்லை.

ஜோனலின் மெதுவாக ஏதோ சொன்னாள். அக்‌ஷயா வாயைத் திறந்து மூடினாள்.

"என்ன சொல்றாள்?"

"அம்மா, பிறகு சொல்றன்."

"இப்ப சொல்லு."

அக்‌ஷயா என்னைப் பார்க்காமல், தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "அந்தத் தாய்மார் என்னைப் போகச் சொல்லிக் காசு குடுப்பினம். நீங்கள் என்னை வேற ஒருத்தியா வரச் சொல்லிக் குடுத்திருக்கிறியள். அவை என்னை வெறுத்தவை. நீங்கள் என்னை நினைச்சு வெக்கப்பட்டிருக்கிறியள். எது பெரிசு எண்டு எனக்குத் தெரியேல்லை."

இல்லை என்று சொல்ல நாக்கு வரைக்கும் வந்தது. ஆனால் சொன்னால் அதுவும் பொய்யாகிவிடும். அவளுக்காகக் கொடுத்தேன் என்று ஒரு வாரமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். கொடுத்தது கஜலக்சுமி மச்சாளுக்காக. அவளுடைய தாய் நீரிழிவோடு மீன் காயவைத்து வளர்த்த பிள்ளைக்கு, போடாத நகையைத் தாய் போட்டதாகப் பொய் சொல்லச் சொல்லிக் கொடுத்தேன். கீறல் பார்க்கிறவள் நான். என்னுடையதை அந்த நிலவறையில்தான் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை வருவேன் என்றாள். எங்கள் வீட்டுக்கு இல்லை, நேரே நகரசபைக்கு. இப்படியே வருவேன், கழுத்தில் ஒன்றும் இருக்காது. உங்கள் ஆட்கள் கேட்பார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டுவிட்டுத்தான் கையெழுத்து. டிக்கெட் கையில் இருக்கும். பிறகு திரும்பிப் போய்த் தன் பெட்டியை அமுக்கத் தொடங்கினாள்.

அன்று மாலையே பானுஜனிடம் உண்மையைச் சொன்னேன். அவன் கேட்டு முடித்து, கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான். வெள்ளிக்கிழமை வரை அவனுக்கும் எனக்கும் பேச்சில்லை. உருத்திரமூர்த்தி மட்டும் ஒன்று சொன்னார், இவ்வளவு நாள் கதைக்காமல் இருந்த நீ அந்த நுஷாத்தெலிலும் கதைக்காமல் இருந்திருக்கலாம் என்று. அவருக்கு வாழ்க்கையில் பகிடி வரும் நேரம் அப்படி.

வியாழக்கிழமை முழுவதும் என் மூளை பொய் தேடியது. ஏன் மறைக்க? நகை வரும் பொதி பிந்திவிட்டது என்று சொல்லலாம். அவர்களுடைய வேதத்தில் எழுத்து நாளில் பொன் அணியக் கூடாது என்று சொல்லலாம், மச்சாள் போய் வேதத்தைப் புரட்டவா போகிறாள். பெண்ணுக்குத் தமிழ் தெரியாது, அக்‌ஷயாதான் மாற்றிச் சொல்வாள். நீ கொஞ்சம் திருத்திச் சொல்லு என்று அவளிடம் கேட்க இரண்டு தரம் அவளுடைய அறை வாசல் வரை போனேன். இரண்டு தரமும் திரும்பி வந்தேன். வெட்கம் என்று ஒன்று மிச்சம் இருந்தபடியால் கேட்கவில்லையே தவிர, மனம் திருந்தியதால் இல்லை.

வெள்ளிக்கிழமை பத்தரைக்கே நகரசபையின் மேல்மாடிக் கூடம் எங்கள் ஆட்களால் நிறைந்துவிட்டது. சூரிச்சிலிருந்து இரண்டு வேன், ஓல்ட்டன் பக்கத்திலிருந்து நான்கு கார். பட்டுச்சேலைக்கு மேலே குளிர்க் கோட்டு, சப்பாத்தில் பனி. கஜலக்சுமி மச்சாள் முன் வரிசையில், மருமகளைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு. பெண்ணைக் காணவில்லையே என்று யாரோ கேட்டார்கள். பனி, வழியில் பிந்தியிருக்கும் என்றேன். பத்து ஐம்பதாயிற்று. பானுஜன் யன்னலோரம் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுடைய முதுகைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. இவள் வராவிட்டால் அந்த முதுகு நாளைக்கு விமானத்தில் ஏறிவிடும்.

பத்து ஐம்பத்தைந்துக்கு எர்லிண்டாவோடு படியேறி வந்தாள். மஞ்சள் நிறத்தில் ஒரு சாதாரண உடை, தலையில் ஒரு வெள்ளைப் பூ. கழுத்து வெறுமை, கை வெறுமை. கோட்டைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டாள், எல்லோரும் பார்க்கட்டும் என்பது போல. நேரே என்னிடம் வந்து என் கையை எடுத்து நெற்றியில் வைத்தாள். பிறகு விலகிப் போகாமல் அங்கேயே நின்றாள்.

மச்சாள் எழுந்து வருவதற்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. பெண்ணின் கன்னத்தைத் தடவினாள், வடிவான பிள்ளை என்றாள். பிறகு என் பக்கம் சாய்ந்து, ஆறு பேருக்குக் கேட்கும் மெல்லிய குரலில் கேட்டாள்.

"என்ன சிவகலா, பொம்பிளையின்ர கழுத்து வெறுமையாக் கிடக்கு? தாய் தேப்பன் ஒண்டும் போட்டு விடேல்லையோ?"

ஜோனலினுக்கு ஒரு சொல்லும் விளங்கியிருக்காது. ஆனால் இதுதான் அந்தக் கேள்வி என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. என் வாயையே பார்த்தாள். யன்னலோரம் நின்ற பானுஜனும் திரும்பிவிட்டான். வேதத்தில் பொன் கூடாது என்ற பொய் என் நாக்கின் நுனியில் தயாராக இருந்தது. சொன்னால் மச்சாள் நம்புவாள். வேனில் திரும்பிப் போகிறவர்கள் என்னைப் பற்றி ஒன்றும் கதைக்க மாட்டார்கள்.

"அவையிட்ட ஒண்டும் இல்லை, மச்சாள். நாங்கள் கேக்கவும் இல்லை," என்றேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம், அது போதும், அதுவும் உண்மைதான். ஆனால் அந்தப் பிள்ளை ஒரு வாரமாகச் சுமந்தது என் பொய்யை. அதில் பாதியை நான் மறைத்தால் மிச்சத்தை அவள்தான் சுமக்க வேண்டும்.

"நீங்கள் இப்பிடிக் கேப்பியள் எண்ட பயத்தில நான்தான் களவாக் காசு குடுத்தனான். நகை வாங்கிப் போட்டுக்கொண்டு வா, தாய் தந்தது எண்டு சொல்லு எண்டு. அவள் வாங்கேல்லை. திருப்பித் தந்திட்டாள். இஞ்ச வெக்கப்பட வேண்டிய ஆள் நான், அவள் இல்லை."

மச்சாளின் முகம் போன போக்கை நான் பார்க்கவில்லை. பின்வரிசையில் யாரோ இருமினார்கள். உருத்திரமூர்த்தி தலையைக் குனிந்துகொண்டார். நாற்பது பேருக்கு முன்னால் என் தோல் முழுவதும் எரிந்தது. இனி எத்தனை கலியாண வீட்டில் இது ஓடும் என்று எனக்கு நன்றாகவே தெரியும்.

அக்‌ஷயா ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கினாள். நான் அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன், ஒன்று குறைக்கிறாளா, கூட்டுகிறாளா என்று. குறைக்கவில்லை. ஜோனலின் கேட்டு முடித்து, எல்லாமா, எல்லோருக்கும் கேட்கச் சொன்னாரா என்று ஒரு கேள்வி கேட்டாள். ஓம் என்றாள் அக்‌ஷயா.

அப்போது கதவு திறந்து அலுவலர் பெண்மணி இரண்டு பெயரையும் கூப்பிட்டாள். ஜோனலின் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை, சிரிக்கவும் இல்லை. பானுஜனிடம் போனாள். அவன் கையை நீட்டினான், பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் உள்ளே போக நாங்கள் பின்னால் போனோம். மச்சாள் எனக்குப் பக்கத்தில் உட்காரவில்லை. அலுவலர் வாசித்தது எதுவும் என் காதில் ஏறவில்லை. மேசையில் ஒரு தாளும் ஒரு பேனாவும் இருந்தன. ஜோனலின் பேனாவை எடுத்து, தாளைத் தன் பக்கம் இழுத்து, கனநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது. முன் வரிசையில் இருந்துகொண்டு மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதேன். யார் பார்த்தாலும் எனக்குக் கவலையில்லை.